இரண்டு பேரையும் பிடிக்காத ஒரு வாக்காளருக்கு

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். அமெரிக்கா வந்து பதினாறு வருடம் ஆகிறது. பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவுக்கு வெளியே குடியிருக்கிறோம். குடியுரிமை கிடைத்த பிறகு 2024 நவம்பரில்தான் முதல் முறையாக அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்டேன். அந்த நாளுக்காகக் காத்திருந்தவள் நான். ஆனால் சீட்டைக் கையில் வாங்கியதும் டிரம்புக்கும் மனம் வரவில்லை, கமலா ஹாரிஸுக்கும் மனம் வரவில்லை. செனட் முதல் மற்ற பதவிகளுக்கெல்லாம் குறித்துவிட்டு அதிபர் இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டேன். வீட்டில் சொன்னதும் கணவருக்குக் கோபம். "ஸ்விங் ஸ்டேட்டில், எந்தக் கட்சிக்கும் போகக்கூடிய மாநிலத்தில் இருந்துகொண்டு ஓட்டை வீணடித்துவிட்டாயே" என்றார். கலிபோர்னியாவில் இருக்கும் தோழி மூன்றாவது கட்சிக்குப் போட்டிருக்கிறாள். அவள், "நீ மனசாட்சிப்படி நடந்தாய், அதுதான் சரி" என்கிறாள். ஊரில் நோட்டாவாவது இருந்தது. இங்கே அதுவும் இல்லை. 2028லும் இதே நிலைமைதான் வரும் போலத் தெரிகிறது. நான் செய்தது தப்பா? இனி என்ன செய்வது? மகளுக்கு இப்போது 16 வயது, அடுத்த அதிபர் தேர்தலில் அவளுக்கும் ஓட்டு உண்டு. அவளுக்கு என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அமெரிக்க அரசாங்கம் எப்படி இயங்குகிறது என்று கல்லூரியில் பாடம் எடுப்பவன் நான். எந்தக் கட்சி நல்லது என்று மாணவர்களிடமும் சொல்வதில்லை. ஆனால் ஓர் ஓட்டால் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. அதை மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மனம் ஆறட்டும். நீங்கள் எந்தத் துரோகமும் செய்யவில்லை. பென்சில்வேனியாவில் 2024 அதிபர் தேர்தல் வித்தியாசம் சுமார் 1,20,000 ஓட்டு. உங்கள் ஓர் ஓட்டால் அது மாறியிருக்காது என்பதைக் கணவரிடம் தாராளமாகச் சொல்லலாம். அதே சீட்டில் இருந்த செனட் தேர்தலைப் பாருங்கள். டேவ் மெக்கார்மிக் பாப் கேசியைத் தோற்கடித்தது ஏறக்குறைய 15,000 ஓட்டில். பதிவானவை எழுபது லட்சத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் வந்துவிட்டதால் மாநிலச் சட்டப்படி மறு எண்ணிக்கை வரைக்கும் போனது. கேசி தோல்வியை ஏற்றுக்கொள்ள நவம்பர் 21 ஆகிவிட்டது. அந்த இடத்தை நீங்கள் காலியாக விடவில்லை. மேலே இருக்கும் இரண்டு பெயர்களைப் பார்த்து வெறுத்துப் போய் வாக்குச்சாவடிக்கே போகாமல் இருந்துவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். நீங்கள் போனீர்கள், மற்றதையெல்லாம் நிரப்பினீர்கள். அந்த அளவில் உங்கள் சீட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது.

எனக்கு வருத்தம் தருவது வேறு. அந்தக் காலி இடத்தின் வழியாக நீங்கள் எதையோ சொல்ல நினைத்தீர்கள். "உங்கள் இருவரையும் நான் ஏற்கவில்லை" என்று சொல்ல நினைத்தீர்கள். அது யார் காதுக்கும் போய்ச் சேரவில்லை.

தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். ஒரே பதவிக்கு இரண்டு பேரைக் குறித்துவிட்டால் ஸ்கேனர் இயந்திரம் எச்சரிக்கும், சீட்டைத் திருப்பித் தரும். யாரையும் குறிக்காமல் விட்டால் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது, சீட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். கோபத்தில் விட்டவர், மறந்து விட்டவர், பக்கத்தைத் திருப்பும்போது கவனிக்காமல் விட்டவர், யாரென்றே தெரியாமல் விட்டவர் எல்லோரும் ஒரே கணக்கில் போய்ச் சேருகிறார்கள். 2016இல் மிஷிகன் மாநிலத்தில் வாக்குச்சாவடிக்கு வந்தும் அதிபருக்கு மட்டும் குறிக்காமல் போனவர்கள் சுமார் 75,000 பேர். அந்த மாநிலத்தில் டிரம்ப் ஹிலாரி கிளிண்டனை வென்றது 10,704 ஓட்டில். அந்த 75,000 பேர் என்ன சொன்னார்கள்? இன்றுவரை அவரவர் இஷ்டப்படி பொருள் சொல்லிக்கொள்கிறார்கள். கிளிண்டன் இன்னும் இடதுபக்கம் போயிருக்க வேண்டும் என்றார் ஒருவர். நடுவில் நின்றிருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். காலி இடத்தை யாரும் எப்படியும் படித்துக்கொள்ளலாம்.

நோட்டாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் அது ஒரே ஒரு மாநிலத்தில் இருக்கிறது, நெவாடாவில். 1970களின் நடுவிலிருந்தே அங்கே மாநில அளவிலான பதவிகளுக்கு "இவர்களில் எவரும் இல்லை" என்று ஒரு வரி சீட்டில் உண்டு. இந்தியாவில் 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு வந்ததற்குப் பல காலம் முன்பே. 2016இல் நெவாடாவில் அந்த வரிக்கு விழுந்தது 28,863. கிளிண்டன் டிரம்பைவிட அதிகம் வாங்கியது 27,202. அதாவது "எவரும் இல்லை" வாங்கிய ஓட்டு வெற்றி வித்தியாசத்தையே தாண்டிவிட்டது. பலன்? ஒன்றும் இல்லை. அந்த வரி முதலிடத்துக்கே வந்தாலும், பெயருள்ளவர்களில் அதிகம் வாங்கியவர்தான் ஜெயித்தவர். நம் ஊர் மக்களவை, சட்டமன்றத் தேர்தல் நோட்டாவிலும் அதே விதிதான். எண்ணிக்கை பதிவாகிறது என்பது உண்மை. காலி இடத்தைவிட அது மேல். ஆனால் நெவாடாவிலும் அதிபர் ஒருவர் வரத்தான் செய்தார்.

காலிச் சீட்டு நிஜமாகவே வேலை செய்த ஒரு சம்பவம் அமெரிக்க வரலாற்றில் இருக்கிறது. அதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். 1800 தேர்தலில் தாமஸ் ஜெபர்சனும் ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 எலக்டோரல் ஓட்டு (அதிபரைத் தீர்மானிக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கப்படும் ஓட்டு) வாங்கிச் சமமாக நின்றார்கள். தீர்ப்பு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே மாநிலத்துக்கு ஓர் ஓட்டு; 16 மாநிலங்களில் 9 வேண்டும். சபையில் இருந்த பெடரலிஸ்ட் கட்சிக்காரர்களுக்கு இருவரையுமே ஆகாது, இருவரும் எதிர்க்கட்சி. முப்பத்தைந்து சுற்று ஓட்டெடுத்தும் முடிவு வரவில்லை. பெடரலிஸ்ட் தலைவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் தன் கட்சிக்காரர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். ஜெபர்சனைப் பிடிக்கும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அவரைப் பாசாங்குக்காரர் என்றே திட்டினார். ஆனாலும், ஜெபர்சன் எதையும் யோசித்து, தன் பெயரைக் கெடுத்துக்கொள்ளாமல்தான் செய்வார். பர்ருக்கோ தன்னைத் தவிர வேறு எதிலும் பற்றில்லை என்பது அவர் வாதம். டெலவேர் மாநிலத்தின் ஒரே உறுப்பினரான ஜேம்ஸ் பேயர்டுக்கும் அப்படி ஒரு நீண்ட கடிதம் போனது. 1801 பிப்ரவரி 17, முப்பத்தாறாவது சுற்று. பேயர்டு யாருக்கும் போடாமல் காலிச் சீட்டுப் போட்டார். மேரிலாந்தின் பெடரலிஸ்ட்டுகளும் அப்படியே செய்தார்கள். வெர்மான்ட்டின் பெடரலிஸ்ட் உறுப்பினர் அவைக்கே வரவில்லை. ஜெபர்சனுக்கு 10 மாநிலம் கிடைத்தது, அதிபரானார்.

அவர்களுக்கு மட்டும் அது எப்படிப் பலித்தது என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். யார் எதைப் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தாங்கள் விலகினால் யார் வருவார் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் விலகினார்கள். ஜெபர்சனுக்குப் போட மனம் வராமலேயே அவரை வர வைத்த செயல் அது. நவம்பரில் கோடிக்கணக்கான பேருக்கு நடுவே ரகசியமாக விடும் காலி இடத்துக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது.

அதனால் என் கருத்து இதுதான்: நவம்பர் ஓட்டு அதிகாரத்தை யார் கையில் கொடுப்பது என்று தீர்மானிக்க மட்டுமே இருக்கிறது. அதை வைத்து ஒருவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தர முடியாது. கடிதம் எழுதவும் முடியாது. "அவருக்குப் போட்டால் அவர் செய்ததையெல்லாம் நான் ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே" என்ற கூச்சம் நல்ல மனிதர்களுக்கு வருவதுதான். ஆனால் சீட்டில் உங்கள் பெயரும் இல்லை, காரணமும் இல்லை. ஆசைப்பட்டுப் போட்ட ஓட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்ட ஓட்டும் எண்ணும்போது ஒன்றுதான்.

உங்கள் தோழி விஷயத்தை இதோடு சேர்க்கக் கூடாது. அவர் இருப்பது கலிபோர்னியாவில். 2024இல் அங்கே ஹாரிஸ் ஏறக்குறைய 20 சதவீதம் முன்னிலையில் ஜெயித்தார். 54 எலக்டோரல் ஓட்டும் யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அங்கிருந்து மூன்றாவது கட்சிக்குப் போடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. நாடு முழுக்க 5 சதவீதம் எட்டினால் அந்தக் கட்சிக்கு அடுத்த தேர்தலில் அரசுப் பணம் கிடைக்கும். ராஸ் பெரோ 1996இல் 8 சதவீதம் வாங்கியதால்தான் அவருடைய ரிஃபார்ம் கட்சி வேட்பாளருக்கு 2000 தேர்தலில் ஒரு கோடியே 26 லட்சம் டாலர் வந்தது. ஆனால் அதே பெரோ 1992இல் கிட்டத்தட்ட 19 சதவீதம் வாங்கியும் ஓர் எலக்டோரல் ஓட்டுகூட வாங்க முடியவில்லை என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மாநிலத்தில் முதலில் வருபவருக்கே அத்தனையும் என்கிற முறை மெய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா இடத்திலும் இருக்கும்வரை, பரவலாக விழுகிற மூன்றாவது கட்சி ஓட்டு எலக்டோரல் கணக்கில் ஏறாது.

அவருடைய நியாயத்தை அப்படியே தூக்கிக்கொண்டு பென்சில்வேனியாவுக்கு வர முடியாது. 2000இல் புளோரிடாவில் ஜார்ஜ் புஷ் அல் கோரை வென்றது 537 ஓட்டில். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நாடருக்கு அங்கே விழுந்தது 97,488. நாடருக்குப் போட்டவர்கள் எல்லோரும் கோருக்குப் போட்டிருப்பார்கள் என்று சொல்வது சரியில்லை. சிலர் புஷ்ஷுக்குப் போயிருப்பார்கள், பலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். ஆனாலும் 537 என்பது மிகச் சிறிய எண். உங்கள் மாநிலத்திலேயே 2016இல் வித்தியாசம் 44,292. பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு விழுந்தது 49,000க்கும் மேல். ஆக உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. 2024இல் எதுவும் மாறியிருக்காது என்பது முடிவு வந்த பிறகு நமக்குத் தெரிந்தது. சீட்டு கையில் இருக்கும்போது அது தெரியாது. பென்சில்வேனியாவில் இருப்பவர் தன் மாநிலம் நூலிழையில் நிற்கிறது என்று நினைத்துத்தான் ஓட்டுப் போட வேண்டும்.

சரி, பிடிக்காத இரண்டு பேரில் ஒருவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான். ஆளை விட்டுவிட்டு முதலில் பதவியைப் பாருங்கள். அதிபர் தனியாக உள்ளே வருவதில்லை. அவரோடு சுமார் 4,000 அரசியல் நியமனங்கள் வருகின்றன. அவற்றில் 1,200க்கும் மேல் செனட் ஒப்புதல் வேண்டிய பெரிய பதவிகள். தொழிலாளர் துறை, சுற்றுச்சூழல், குடியேற்றம், மருந்துக் கட்டுப்பாடு எல்லாவற்றிலும் அந்த ஆட்கள்தான் உட்காருவார்கள். டிரம்ப் தன் முதல் நான்கு ஆண்டுகளில் நியமித்த கூட்டாட்சி நீதிபதிகள் 234 பேர், பைடன் தன் நான்கு ஆண்டுகளில் நியமித்தது 235 பேர். இவர்களுக்குப் பதவி ஆயுள் முழுக்க. உங்கள் மகளுக்கு நாற்பது வயதாகும்போதும் இவர்களில் பலர் தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பார்கள். வேட்பாளரின் சிரிப்பும் பேச்சும் குடும்பக் கதையும் பிடிக்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். இந்த ஆயிரக்கணக்கான ஆட்களில் எந்தக் கூட்டம் வந்தால் உங்களுக்கு முக்கியமான இரண்டு மூன்று விஷயங்கள் குறைவாகக் கெடும் என்று பாருங்கள். இரண்டு மூன்று போதும். எல்லாவற்றையும் எடைபோட உட்கார்ந்தால் யாருக்குமே முடிவு வராது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. வரிக் கொள்கையைவிட, விசாவைவிட நான் அதைப் பெரிதாக நினைக்கிறேன். தோற்றால் தோல்வியை ஏற்றுக்கொண்டு பதவியை விட்டு இறங்குவாரா? நீதிமன்றம் கூடாது என்று சொன்னால் நிறுத்துவாரா? நான்கு ஆண்டு கழித்து அவரை மாற்றும் வாய்ப்பு நமக்கு மீதி இருந்தால்தான் மற்றத் தவறுகளைத் திருத்த முடியும். இருவரில் ஒருவர் இதில் தெளிவாகத் தவறுகிறார் என்று நீங்கள் நம்பினால், மற்றவரைப் பிடிக்காவிட்டாலும் அவருக்குப் போடுங்கள். யார் தவறுகிறார் என்பதைத் தொலைக்காட்சி விவாதத்தை வைத்து முடிவு செய்யாமல், அவரவர் பதவியில் இருந்தபோதும் தோற்றபோதும் செய்ததை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

லூசியானா மாநிலத்து மக்கள் 1991இல் இந்த மாதிரி ஒரு சோதனையில் மாட்டினார்கள். கவர்னர் தேர்தலின் கடைசிச் சுற்றில் ஒரு பக்கம் எட்வின் எட்வர்ட்ஸ், மூன்று முறை கவர்னராக இருந்தவர், ஊழல் வழக்கில் கூண்டேறியவர். இன்னொரு பக்கம் டேவிட் டியூக், கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் முன்னாள் தலைவர். "திருடனுக்கே ஓட்டுப் போடுங்கள், இது முக்கியம்" என்று காரின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள் மக்கள். எட்வர்ட்ஸ் 61 சதவீதம் வாங்கி ஜெயித்தார். பிற்பாடு 2000இல் ஊழல் வழக்கில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, சிறைக்கும் போனார். அவரைப் பற்றி மக்கள் எதிலும் ஏமாறவில்லை. தெரிந்தேதான் போட்டார்கள். அவர்கள் செய்ததை நான் மதிக்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு போட்ட ஓட்டு என்று அதைக் கேவலமாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

இருவருமே நான் சொன்ன அந்தக் கேள்வியில் தவறுகிறார்கள் என்று ஒருவர் நிஜமாகவே நினைத்தால்? அப்போது காலியாக விடலாம், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் காரணத்தைப் பெயர் போட்டு எங்காவது எழுதிவிடுங்கள். உங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கு, கட்சியின் கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) குழுவுக்கு, உள்ளூர்ப் பத்திரிகைக்கு. பெயர் போட்ட ஒரு கடிதம் அந்தக் காலி வட்டத்தைவிட எவ்வளவோ பேசும்.

உங்களைப் போன்றவர்கள் ஓரத்தில் நிற்கும் சிலர் என்று நினைத்துவிடாதீர்கள். 2016 தேர்தல் நாளில் நடந்த கருத்துக் கணிப்பில் கிளிண்டன், டிரம்ப் இருவரையும் பிடிக்கவில்லை என்றவர்கள் 18 சதவீதம். அவர்களில் பாதிப் பேர், அதற்குச் சற்றுக் கூடக்குறைய, டிரம்பை எடுத்தார்கள். கிளிண்டனை எடுத்தவர்கள் சுமார் 30 சதவீதம். மூன்று மாநிலங்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் முடிந்த தேர்தல் அது. 2024 கோடையில், பைடன் இன்னும் போட்டியில் இருந்தபோது, பைடன், டிரம்ப் இருவரையும் பிடிக்காதவர்கள் 25 சதவீதம் என்று பியூ ஆய்வு மையம் கண்டது.

இப்போது, எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் பிடிக்காத இரண்டு பேர் ஏன் வந்து நிற்கிறார்கள்? நம் ஊரில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கும், நாம் கேட்டுக்கொள்வோம். இங்கே பிரைமரி தேர்தலில் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். யார் போய்த் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் கோளாறு. 2016 பிரைமரிகளில் ஓட்டுப் போடத் தகுதியுள்ளவர்களில் பத்துக்கு மூன்று பேர்கூடப் போகவில்லை. போனவர்கள் இரண்டு கட்சிகளுக்கும் பிரிந்து, ஒவ்வொரு கட்சியிலும் பல வேட்பாளர்களுக்கும் பிரிந்தார்கள். டிரம்ப் வாங்கியது சுமார் 1.4 கோடி, கிளிண்டன் வாங்கியது சுமார் 1.7 கோடி. இருபது கோடிக்கும் மேல் வாக்காளர்கள் இருக்கிற நாட்டில் மூன்று கோடிப் பேர் போட்ட ஓட்டில் இரண்டு பெயர்களும் முடிவாகிவிட்டன. மீதிப் பேர் நவம்பரில் வந்து "இவர்கள்தானா கிடைத்தார்கள்" என்று கேட்டார்கள்.

உங்கள் மாநிலத்தில் இன்னொரு சிக்கல். பென்சில்வேனியா பிரைமரியில் அந்தந்தக் கட்சியில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அந்தந்தக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு. நீங்கள் வாக்காளராகப் பதிவு செய்தபோது கட்சி என்ற இடத்தில் என்ன குறித்தீர்கள்? நான் பார்த்தவரை குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் பலர் "எந்தக் கட்சியும் இல்லை" என்று குறிக்கிறார்கள். கட்சி என்றாலே நமக்கு உறுப்பினர் அட்டை, சந்தா, கூட்டம், ஆள் சேர்ப்பு என்று ஒரு பயம். இங்கே அப்படி எதுவும் இல்லை. படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிடுகிறீர்கள், அவ்வளவுதான். நவம்பரில் வேறு கட்சிக்குப் போடலாம். பிடிக்கவில்லை என்றால் மறுபடி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கடைசித் தேதி உண்டு; பென்சில்வேனியாவில் பிரைமரிக்கு 15 நாள் முன்பு. நியூயார்க்கில் இந்தத் தேதி ஒரு காலத்தில் மிகக் கொடுமையாக இருந்தது. 2016 ஏப்ரல் பிரைமரிக்குக் கட்சி மாற முந்தைய வருடம் அக்டோபரிலேயே படிவம் கொடுத்திருக்க வேண்டும். டிரம்ப்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும்கூட அதைத் தவறவிட்டு, தங்கள் அப்பாவுக்கே பிரைமரியில் ஓட்டுப் போட முடியாமல் போனது.

பிரைமரியில் போடும் ஓட்டுக்கு நீங்கள் தேடிய அந்தக் குரல் உண்டு. 2024 ஏப்ரலில் உங்கள் மாநிலத்துக் குடியரசுக் கட்சிப் பிரைமரி நடந்தபோது நிக்கி ஹேலி போட்டியிலிருந்து விலகி ஒரு மாதத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அப்படியும் அவருக்கு ஒன்றரை லட்சம் ஓட்டுக்கும் மேல் விழுந்தது. டிரம்ப்பைத் தன் கட்சியிலேயே எத்தனை பேர் விரும்பவில்லை என்று எல்லாப் பத்திரிகையும் எழுதின. மறுபக்கத்தில் மிஷிகன். காசா போரில் பைடன் எடுத்த நிலையை எதிர்த்து, 2024 பிப்ரவரி ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் "யாருக்கும் உறுதி தரவில்லை" என்ற வரிக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டார்கள், சுமார் 13 சதவீதம். அவர்கள் சார்பில் இரண்டு பிரதிநிதிகள், வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் கட்சியின் சிகாகோ மாநாட்டுக்குப் போனார்கள். பிரைமரிக்கு முன்பே வெள்ளை மாளிகை அதிகாரிகள், அரபு அமெரிக்கர்கள் அதிகம் வாழும் டியர்பார்ன் நகருக்கு வந்து அந்த மக்களோடு உட்கார்ந்து பேசினார்கள். கேட்டது எல்லாம் கிடைத்ததா? இல்லை, மாநாட்டு மேடையில் ஒரு பாலஸ்தீன அமெரிக்கர் பேச வேண்டும் என்று கேட்டதுகூட மறுக்கப்பட்டது. ஆனால் அவர்கள் யார், எதற்காகக் கோபப்படுகிறார்கள் என்று நாடே தெரிந்துகொண்டது. அதே மிஷிகனில் 2016இல் காலியாக விட்ட 75,000 பேரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பென்சில்வேனியா பிரைமரி ஏப்ரல் கடைசியில் வருவதால் அதற்குள் பல நேரம் போட்டி முடிந்துவிடுகிறது. 2024இல் பைடனும் டிரம்ப்பும் மார்ச் 12 அன்றே தேவையான பிரதிநிதிகளைச் சேர்த்துவிட்டார்கள். இது உங்கள் மாநிலத்தவருக்கு நடக்கும் அநியாயம்தான். அதனால்தான் ஓட்டோடு நிற்காதீர்கள் என்கிறேன். முந்தைய வருடமே, பத்துப் பன்னிரண்டு பேர் போட்டியில் இருக்கும்போது, உங்களுக்குப் பிடித்த ஒருவருக்கு 25 டாலர் அனுப்புங்கள், நான்கு பேரிடம் பேசுங்கள். விவாத மேடையில் இடம் பிடிக்க நன்கொடை கொடுத்தவர்களின் எண்ணிக்கையும் ஒரு தகுதியாக இருந்தது உண்டு. உங்கள் 25 டாலருக்கு அந்த நேரத்தில் இருக்கும் மதிப்பு நவம்பரில் இருக்காது.

கணவர் விஷயம். அமெரிக்காவிலும் ஓட்டு ரகசியம்தான். அடுத்த முறை யாருக்குப் போட்டீர்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. சொல்லாமல் இருப்பதால் மனம் லேசாகும் என்றால் சொல்லாதீர்கள். பேச விரும்பினால், யாருக்கு என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, எந்த மூன்று விஷயம் நம் வீட்டுக்கு முக்கியம் என்று இருவரும் தனித்தனியாக எழுதி வைத்துப் பேசிப் பாருங்கள். அவர் கோபத்துக்குள் ஒரு பயம் இருக்கலாம். எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள்.

மகளுக்கு இப்போதே பெரிய உபதேசம் எதுவும் வேண்டாம். பென்சில்வேனியாவில் பள்ளியில் படிக்கும் 17 வயதுப் பிள்ளைகள், பெற்றோரும் தலைமை ஆசிரியரும் சம்மதித்தால், தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் வேலை பார்க்கலாம், சம்பளமும் உண்டு. அடுத்த வருடம் அவளுக்கு அந்த வயது வந்துவிடும். உங்கள் கவுன்ட்டித் தேர்தல் அலுவலகத்தில் விண்ணப்பம் கிடைக்கும். ஒற்றைப்படை வருடத்தில் வரும் தேர்தலாக இருந்தால் இன்னும் நல்லது. அன்று ஸ்கூல் போர்டு, டவுன்ஷிப், கவுன்ட்டி நீதிபதிகள் என்று அவள் வாழ்க்கைக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் பதவிகள் சீட்டில் இருக்கும், கூட்டமோ குறைவாக இருக்கும். 2017இல் வர்ஜீனியாவில் ஒரு சட்டசபைத் தொகுதியில் இருவரும் சரியாக 11,608 ஓட்டு வாங்கி, ஒரு பாத்திரத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்துத்தான் வெற்றியாளரை முடிவு செய்தார்கள். அந்தக் குலுக்கலில்தான் சபையில் யாருக்குப் பெரும்பான்மை என்பதும் முடிவானது. இதை அவளிடம் சொல்லுங்கள்.

நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மாநிலத் தேர்தல் துறையின் இணையதளத்தில் உங்கள் பெயரையும் கவுன்ட்டியையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் பதிவு விவரம் வரும். அதில் கட்சி என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது உங்கள் விருப்பப்படி இல்லையென்றால் அங்கேயே மாற்றிவிடலாம். பத்து நிமிட வேலை.

அன்புடன்.